ஒரு விரல் தளர்வு

கயிற்றுக்காரி: மூச்சை மெதுவா விடு தம்பி. முந்தாநாள் நீ தும்மினதுல தச்சனோட தலைப்பாகை பறந்து கடல்ல விழுந்துச்சு.

கைதி: அடக்கிக்கிட்டுதான் இருக்கேன் அக்கா. நீ மணிக்கட்டுல நடந்தா எறும்பு ஊர்ற மாதிரி கூசுது.

கயிற்றுக்காரி: எறும்பா? நாப்பது நாளா உன் கட்டைப் பார்த்துக்கறவ, உனக்கு எறும்பு.

கைதி: கோவிச்சுக்காதே. உன்னை மாதிரி நாலு பேர் என் செருப்புக்குள்ள காலை நீட்டிப் படுக்கலாம். வேற என்ன சொல்றது?

கயிற்றுக்காரி: வயசுல நான் மூத்தவ. உசரத்தை வச்சா மரியாதை?

கைதி: சரி சரி... கப்பல் உடைஞ்சு கரையில மயங்கிக் கிடந்தேன். முழிச்சுப் பார்த்தா உடம்பெல்லாம் முடிச்சு. அதுல நீ போட்டது எத்தனை?

கயிற்றுக்காரி: இந்த இடது கை பூரா என்னோடது. முப்பத்திரண்டு. பேசாம இரு, இன்னைக்கு அளவு எடுக்கணும்.

மேஸ்திரி: மேல என்னம்மா பேச்சு? கீழ நிக்கறவனுக்கு ஒண்ணும் கேக்கல. எத்தனை விரல் தளர்வு?

கயிற்றுக்காரி: பார்த்துட்டே இருக்கேன் மேஸ்திரி...

மேஸ்திரி: ரெண்டு விரலுக்கு மேல போனா இறுக்கணும். மறந்துடாதே.

கயிற்றுக்காரி: மறக்கல... ஐயோ.

கைதி: என்ன அக்கா?

கயிற்றுக்காரி: பத்து நாளைக்கு முன்ன கயித்துக்கும் தோலுக்கும் நடுவுல என் விரல் நுழையல. இப்ப நான் இடுப்பு வரைக்கும் இறங்கிட்டேன்.

கைதி: நீங்க போடற சாப்பாடு அப்படி.

கயிற்றுக்காரி: என்ன குறைச்சல்? தினம் நாப்பது அண்டா. ஊரே வரிசையில நின்னு தூக்கிட்டு வருது. நாப்பது அண்டா சாப்பிட்டு எவனாவது இளைப்பானா?

கைதி: எனக்கு அது ரெண்டு வாய் அக்கா.

கயிற்றுக்காரி: ...ரெண்டு வாயா? நாங்க நீ கொழுத்துப் போவேன்னு பயந்து முடிச்சுக்கு அப்பால கயித்தை நீளமா விட்டு வச்சோம்.

மேஸ்திரி: எத்தனைன்னு கேட்டேன்.

கயிற்றுக்காரி: ...ஒண்ணு. ஒரே விரல்தான் மேஸ்திரி.

மேஸ்திரி: சரி. உச்சிக்கு மணி அடிக்கும். அதுக்குள்ள இறங்கிடு.

கைதி: ஏன் பொய் சொன்னே?

கயிற்றுக்காரி: இறுக்கினா பழைய புண்ணு மறுபடி கிளம்பும். அதான்.

கைதி: அவ்வளவுதானா?

கயிற்றுக்காரி: அவ்வளவுதான். கண்ணை மூடிக்கோ, வெயில் ஏறுது.

கைதி: கண்ணை மூடினா முதுகுக்குக் கீழ நடக்கறது நல்லா கேக்கும். இருபது நாளா தோண்டினாங்க. இன்னைக்கு நின்னு போச்சு.

கயிற்றுக்காரி: சொன்னேனே. உனக்குத் தண்ணிக்குக் கிணறு.

கைதி: தண்ணி வந்துடுச்சா?

கயிற்றுக்காரி: வரும்... வராம எங்க போகும்.

கைதி: அக்கா, உங்க வீடெல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?

கயிற்றுக்காரி: ஆரம்பிச்சுட்டியா? அஞ்சு நாளா இதே கேள்வி. சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. உன் தலையை வானத்தைப் பார்க்கக் கட்டினதே அதுக்குத்தான்.

கைதி: சும்மாதான் கேக்கறேன்.

கயிற்றுக்காரி: வீடு எங்கன்னு தெரிஞ்சா எங்க மிதிக்கணும்னு தெரிஞ்சுடும். சும்மாவாம், சும்மா.

கைதி: உனக்குப் பிள்ளைங்க இருக்கா?

கயிற்றுக்காரி: இல்ல. புருஷனும் இல்ல, பிள்ளையும் இல்ல. இந்தக் கயிறுதான் எனக்கு எல்லாம்.

கைதி: நேத்து ஏதோ முணுமுணுத்தியே. தாலாட்டு மாதிரி இருந்துச்சு.

கயிற்றுக்காரி: முடிச்சு போடறப்ப எல்லாரும் பாடறதுதான்.

மேஸ்திரி: இன்னுமா இறங்கல? முட்டுக்கட்டைக்காரங்க அத்தனை பேரும் வந்தாச்சு.

கைதி: கிணத்துக்கு எதுக்கு முட்டுக்கட்டை?

கயிற்றுக்காரி: ...மண்ணு சரியாம இருக்க.

கைதி: என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

கயிற்றுக்காரி: உன் முகம் இருக்கற அகலத்துக்கு... எந்த இடத்தைப் பார்க்கறதாம்.

மேஸ்திரி: ஒரு விரலுக்கா இவ்வளவு நேரம்? ஏணியை இந்தத் தோள்ல சாத்துங்கப்பா. நானே ஏறி அளக்கறேன்.

கயிற்றுக்காரி: வேண்டாம் மேஸ்திரி. உங்க முழங்காலுக்கு இந்த ஏத்தம் ஆகாது. கடைசி முடிச்சு, இதோ வந்துட்டேன்.

மேஸ்திரி: என் முழங்காலை நான் பார்த்துக்கறேன்.

கைதி: அவர் அளந்தா உன்னை என்ன பண்ணுவாங்க?

கயிற்றுக்காரி: உன்கூடவே என்னையும் போடுவாங்க.

கைதி: எதுல?

கயிற்றுக்காரி: ...கிணறு இல்ல தம்பி. குழி. உன் நீளம், உன் அகலம். முட்டுக்கட்டை மேலதான் நீ படுத்திருக்கே. மணி அடிச்சா எல்லாத்தையும் உருவிடுவாங்க. களஞ்சியத்துல தானியம் இல்ல. உன்னை அவிழ்த்து விடவும் பயம்.

கைதி: தெரியும்.

கயிற்றுக்காரி: என்ன தெரியும்?

கைதி: கிணறுன்னா சத்தம் ஒரே இடத்துல கேக்கும். இது குதிகால்லேர்ந்து பிடரி வரைக்கும் கேட்டுச்சு.

கயிற்றுக்காரி: தெரிஞ்சுமா நான் புளுகினதை எல்லாம் கேட்டுட்டு இருந்தே?

கைதி: ஒவ்வொரு தடவையும் உன் குரல் நடுங்குச்சு. அதுக்கு மேல உன்கிட்ட எப்படிக் கேக்கறது?

மேஸ்திரி: ஏணியில பாதி வந்தாச்சு. கயித்துல கை வைக்காம அப்படியே நில்லு.

கயிற்றுக்காரி: தம்பி, இழு. இந்தக் கட்டு உன்னை நிறுத்தாது. ஒரு கை வந்தா மத்ததெல்லாம் உனக்கு நூல்.

கைதி: கை வந்து அஞ்சு நாளாச்சு அக்கா. காவல் மாறற நேரம் வெளிய எடுப்பேன், நீ வர்றதுக்குள்ள திரும்ப நுழைச்சுப்பேன்.

கயிற்றுக்காரி: அஞ்சு நாளா... பின்ன ஏன்டா இங்கேயே கிடந்தே?

கைதி: மெதுவா எழுந்தா முட்டு சரிஞ்சு குழியில விழுவேன். ஒரே மூச்சுல புரளணும். எந்தப் பக்கம் புரண்டா யார் நசுங்குவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தானே உன்கிட்ட கேட்டுட்டே இருந்தேன். உள்ளங்கையில ஏறிக்கோ. மேஸ்திரியையும் பிடிச்சுக்கறேன். இப்பவாவது சொல்லு.

கயிற்றுக்காரி: ...வலது பக்கம் புரளு தம்பி, அங்க வெறும் மணல். இடது பக்கம் மூணாவது வீட்டுல என் மக தூங்கறா.