மூலையில்லாத கூடத்துக்கு மூலை கட்டிய கதை

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் கோகிலவாணி அம்மையார் அவர்களே, என்னைப் பேச விடுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்த செயலாளர் அவர்களே, கிராம சபைக்கு நிழல் தேடி வந்திருக்கும் பெரியோர்களே, சுண்டலை நம்பி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாப்பாரப்பட்டிச் சாலையில் நாற்பது ஆண்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவன் நான். எட்டாம் வகுப்புக் கணக்கில் என்னைத் தோற்கடித்தார்கள், நான் தோற்கவில்லை. அங்கன்வாடிக் கூரை பெயர்ந்து, பிள்ளைகள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பது எத்தனை மாதமாக? எட்டு மாதமாக. யார் கேட்டீர்கள்? நான் கேட்டேன்.

பிள்ளைகளுக்கு ஒரு கூடம் கட்ட அறுபது பிளாஸ்டிக் தகடுகளை வெட்டினேன். தனியாகத் தூக்கினால் ஈரத்துணி போல் துவளும் தகடு. ஒன்றின் பிளவில் இன்னொன்றின் நாக்கைச் செருகினால், இரண்டும் வளைந்து விறைக்கும். ஆணி இல்லை, கம்பம் இல்லை. கவிழ்த்த சட்டி போல் எழுந்து நின்றது கூடம். மேலே ஏறி உட்கார்ந்தும் காட்டினேன்.

வந்தார் நம் மேஸ்திரி ராஜப்பன். ஒருமுறை சுற்றினார். மறுமுறையும் சுற்றினார்.

"ஈசானி மூலை எதுங்க மாமா?"

"மூலையே இல்லப்பா."

"மூலை இல்லாத வூட்ல சாமி எங்கீங்க நிக்கும்?"

"நடுவுல நிக்கட்டும். எத்தன நாளு மூலையிலயே நிக்க வெப்பீங்க?"

இப்போது சிரிக்கிறீர்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சாமியைப் பார்க்க நான் தீர்த்தமலைக்குப் போன நாளில், சாமிக்கு மூலை செய்ய ராஜப்பனும் அவர் ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். வடகிழக்கில் அடிவரிசைத் தகடுகள் நான்கை உருவிவிட்டு, அங்கே செங்கல் அடுக்கினார்கள். பக்கத்துத் தகட்டைப் பிடித்திருப்பதால்தானே ஒவ்வொரு தகடும் நிற்கிறது? மாலைக்குள், ஆறிப்போன பூரி போல் கூடம் அமுங்கிவிட்டது.

இன்றைய தீர்மானம் என்ன? 'கூடம் தானாகச் சரிந்தது; தகடுகளை அப்புறப்படுத்த வேண்டும்.' தானாகவா? தாய்மார்களே, தானாகவா சரிந்தது?

அங்கே யார், மன்னித்து விடச் சொல்வது? ராஜப்பனா? மன்னிக்க மாட்டேன். ஆனால் உம்முடைய கை நல்ல பிடிமானமுள்ள கை. அது எனக்கு வேண்டும்.

தகடுகள் அறுபதும் இந்த மேடைக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. ஒன்றுகூட உடையவில்லை. தீர்மானம் வாக்குக்கு வருவதற்குள் கூடத்தைத் தூக்கி நிறுத்திவிடுவோம். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே 'சரிந்தது' என்று எழுத எந்தப் பேனாவுக்குத் துணிவு வரும்? நாளைக் காலை பிள்ளைகள் உள்ளே உட்காரட்டும். அவர்கள் மூலை கேட்டு அழுதால், நானே கட்டித் தருகிறேன்.

கை தட்டாதீர்கள். ஆளுக்கொரு தகட்டைத் தூக்குங்கள். நான் மேடையை விட்டு இறங்குகிறேன். கேட்ட காதுகளுக்கு நன்றி. வரப்போகும் கைகளுக்கு வணக்கம்.