பழைய வண்டியை வித்துடலாமா?

— பாத்தியா, சர்வே முடிவு வந்துடுச்சு! நூத்துல தொண்ணூத்திரண்டு பேர் 'விக்கவே கூடாது'ன்னு போட்டிருக்காங்க. எங்க போச்சு உன் ஆட்டோமேட்டிக் காரு?

— கொஞ்சம் இருங்க. போனை இப்படிக் குடுங்க… என்னங்க இது? நான் எழுதின கேள்வி இது இல்லையே.

— லேசா மாத்தினேன்.

— லேசாவா? 'டிரைவிங் ஸ்கூலோட பழைய வண்டியை வச்சுக்கலாமா, வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்கலாமா'ன்னு எழுதியிருந்தேன். நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க? 'பெத்த தாய் மாதிரி பொறுத்துக்கிட்டு ஓட்டக் கத்துக்குடுத்த நம்ம வண்டியை இரக்கமில்லாம வித்துடணுமா?' இதுக்கு எவன் ஆமான்னு போடுவான்?

— எட்டுப் பேர் போட்டிருக்கான் பாரு. கல்நெஞ்சக்காரனுங்க.

— சிரிக்காதீங்க. கேள்வியிலயே பதிலைத் திணிச்சுட்டா அப்புறம் எதுக்குக் கேக்கணும்? சரி, லிங்க்கை யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?

— நம்மகிட்ட கத்துக்கிட்ட அத்தனை பேருக்கும். பேங்க் மேனேஜர், நர்ஸம்மா, அந்த குண்டு வக்கீல்… நர்ஸம்மா கீழ எழுதியே இருக்காங்க, 'அந்த சீட்டோட ரெக்சின் வாசனை இன்னும் மூக்குல இருக்கு'ன்னு. படிச்சதும் போய் அந்த சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்.

— எனக்கும் அந்த வாசனை பிடிக்கும்ங்க. ஆனா பொறுமையா கேளுங்க. நர்ஸம்மா இனிமே கத்துக்க வருவாங்களா?

— அவங்க ஊரெல்லாம் ஓட்டிட்டு இருக்காங்க. அவங்க எதுக்கு வரணும்?

— அப்ப அவங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்? லைசென்ஸ் வாங்கிட்டுப் போனவங்க பாசத்துல சொல்வாங்க. இனிமே வரப்போறவங்களை இல்ல கேக்கணும்?

— வராதவனை எங்க போய்த் தேடறது?

— போன்ல விசாரிச்சுட்டு வராமலே போனாங்களே, அவங்க நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. நேத்தே தனியா ஒரு சர்வே போட்டு அனுப்பிட்டேன். அதே சைட்டுதான், நூறு பதில் வரைக்கும் காசு கேக்கறதில்லை. பேரு கேக்கலை. பேரு கேட்டா நம்ம மனசு நோகக் கூடாதுன்னு நல்லதாவே சொல்லிடுவாங்க. கேள்வியும் நாலே நாலு. நீட்டினா பாதியில மூடிட்டுப் போயிடுவாங்க.

— என்ன சொல்றாங்களாம்?

— முக்கால்வாசிப் பேர் 'கியர் இல்லாத வண்டி இருந்தா வந்திருப்போம்'னு. எல்லாரும் எதிர்த்தெரு ஸ்கூல்ல சேந்தாச்சு. இந்த மாசம் நம்ம பெஞ்சுல யாராவது உக்காந்தாங்களா, சொல்லுங்க. நம்ம வண்டியை வாங்கிக்கறேன்னு சொன்ன மெக்கானிக் சாயங்காலம் பதில் கேட்டு வந்து நிப்பாரு. அவர் வேண்டாம்னுட்டா அப்புறம் இதை எடுக்க ஆள் கிடையாது.

— கியர் இல்லாம ஓட்டறது ஒரு ஓட்டா? லிஃப்ட்ல நிக்கற மாதிரி இருக்கும். நம்ம வண்டியில என் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக்கு. மேடு ஏறறப்ப பிள்ளைங்களுக்குக் காலு தந்தியடிக்கும். நான் சத்தமில்லாம மிதிச்சுப் புடிப்பேன், வண்டி பின்னால நழுவாது. தானே ஏத்திட்டோம்னு அதுங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும் பாரு…

— தெரியும்ங்க. புது வண்டியிலயும் உங்க பக்கம் பிரேக் வச்சுக் குடுப்பாங்க.

— பிரேக்கு வைப்பான். கிளட்ச்சுக்கு எங்க போவேன்? அதை விடு, நீயும் என் ஸ்டூடண்ட்டுதானே? உனக்கும் லிங்க் வந்திருக்குமே. என்ன போட்ட?

— வித்துடலாம்னுதான் போட்டேன்.

— அடிப்பாவி! இந்த வண்டி இல்லேன்னா நீ ஏது, நான் ஏது? தண்ணித்தொட்டி மேட்டுல தினமும் வண்டியை ஆஃப் பண்ணிடுவ. மத்தவங்க ஒரு மாசத்துல முடிச்சுட்டுப் போவாங்க, உனக்கு மழைக்காலமே முடிஞ்சுபோச்சு! உன்னை மாதிரி ஒரு மக்கு ஸ்டூடண்ட்டை நான் பாத்ததே இல்லை. அந்த மேட்டுல நின்னு நின்னுதானே நம்ம பேச்சே ஆரம்பிச்சுது? எல்லாம் அந்த கிளட்ச் செஞ்ச புண்ணியம்.

— ஏங்க, செஞ்சவளை விட்டுட்டு கிளட்ச்சுக்குப் பேரு வாங்கிக் குடுக்கறீங்க? எங்க மாமா பால் வேன் வச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— உங்ககிட்ட கத்துக்க வர்றதுக்கு முன்னாடியே, காலேஜ் லீவுல அவருக்கு உடம்பு முடியாதப்ப, அந்த வேனை மேட்டுத்தெரு பூரா யாரு ஓட்டிட்டுப் போனதுன்னு நினைக்கறீங்க?