ஆதிமூலம் சாலை

— சொல்றத கேளு எழிலா. மொதல்ல வண்டிய நிறுத்து.

— இன்னாக்கா நீ? லோடு எறக்கிட்டு தளவானூர் தாண்டி வந்துட்டேன். இன்னும் எண்ணூறு மீட்டர்தான்னு போனு சொல்லுது. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்.

— போனு சொல்றத உடு. நீ அனுப்புன மேப்பு படத்த பார்த்ததும் எனக்கு உசுரே போச்சி. அங்க ரோடே இல்ல.

— மேப்புல இருக்குதேக்கா. ஆதிமூலம் சாலைன்னு நைனா பேரு போட்டு இருக்குது. செஞ்சி சுத்துப்பட்டுல அந்த மனுசன் தார் ஊத்தாத ரோடு உண்டா? அவரு பேருல ஒரு சந்து கூட கெடையாது. இப்பவாச்சும் கவர்மெண்டுக்கு...

— கவர்மெண்டு போடல. நான் போட்டேன்.

— நீயா?

— எங்க கம்பெனியில போடச் சொன்னாங்க. போட்டிக் கம்பெனிக்காரன் எங்க மேப்ப திருடி தன்னுதுன்னு உடுறான். அவன பிடிக்க, யாரும் போவாத எடமா பார்த்து இல்லாத ரோடு ஒண்ணு வரையச் சொன்னாங்க. அது அவன் மேப்புல வந்தா மாட்டிப்பான். உன் போன்ல இருக்குறது அவன் மேப்பு.

— அதுக்கு நைனா பேருதான் கெடச்சிதா?

— எந்த பேரு வேணா வெச்சிக்கோன்னாங்க. எனக்கு ஆசையா இருந்துச்சிடா.

— அப்ப இது எங்க போவுது?

— பழைய கல்குவாரிக்கு. எண்பதடி பள்ளம், மழைத்தண்ணி ரொம்பி நிக்குது, வேலி கெடையாது. நிறுத்திட்டியா?

— நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். தெரிஞ்சும் அழிக்காம வெச்சிருக்கியே.

— அழிக்கறேன்னு கேட்டேன். கோர்ட்டுல கேஸ் நடக்குது, அதான் சாட்சி, தொட்டா வேலை போயிடும்னாங்க. நான் அழிச்சாலும் அவன் மேப்புல அப்படியேதான் நிக்கும்.

— ரெண்டு கம்பெனிக்காரன் சண்டையில நைனாவ கொண்டு போயி நிறுத்துனியேக்கா.

— வீட்டுக்கு வந்து திட்டு. இப்ப திருப்பாத, ரிவர்ஸ்லயே வா.

— எறங்கி டார்ச்சு அடிச்சி பார்த்துட்டு எடுக்கறேன். ஒரே சேறு. அம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவ? மத்தியானம் படத்த காட்டுனதும் அழுதுடுச்சி. இப்பவே கூட்டிக்கினு போன்னுச்சி. ஞாயித்துக்கெழம போலாம்னுட்டேன்.

— நானே சொல்லிக்கறேன். அம்மா இன்னும் வீட்டுக்கு வரல. தங்கராசு மாமா ஆட்டோவுல ஏறி போச்சின்னு பக்கத்து வீட்டு மஞ்சு சொன்னா. கடைத்தெருவுக்கா இருக்கும்.

— தங்கராசு மாமா ஆட்டோவுலயா?

— ஆமா. ஏன்?

— அவரு நாலு மணிக்கு போன் பண்ணி இந்த ரோட்டுக்கு ரூட்டு அனுப்பச் சொன்னாரு. அனுப்பிட்டேன்.

— எழிலா?

— இருக்கேன்க்கா. டார்ச்சு அடிக்கறேன்.

— இன்னா தெரியுது? பேசுடா.

— என் வண்டிக்கு முன்னாடி சேத்துல மூணு சக்கரத் தடம் இருக்குதுக்கா. போன தடம்தான் இருக்குது. திரும்பி வந்த தடம் இல்ல.