சிரிப்பு வரும் பக்கம்

கேசட்டை அதிகம் கேட்டால் நாடா தொய்ந்துவிடும். அப்படியே போட்டால் டேப் பெட்டி இழுத்துச் சிக்கலாக்கிவிடும். ஓட்டையில் பென்சிலை விட்டு மெல்லச் சுற்றி இறுக்கிய பிறகுதான் போட வேண்டும். என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துவந்த கேசட்டையும் அப்படியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. அது என் மகனுடையது.

என் பெயர் அய்யம்பெருமாள். ஊர் பூலாம்பாடி. எங்கள் வாசலில் நின்று இதுவரை எவனும் குரலை உயர்த்தியதில்லை. என் மனைவி போன பிறகும் அந்த ஒழுங்கு குலையவில்லை. மகன் அரங்கநாதனுக்கு லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் துபாயில் வேலை வாங்கிக் கொடுத்தார். கல்யாணமான மறுவருஷமே அவனை அரியலூரில் ரயிலேற்றி விட்டேன். மருமகள் கமலவேணி என் பொறுப்பில் இருந்தாள். நான் கூடத்தில் இருந்தால் அவள் அங்கே உட்காரமாட்டாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். குறை சொல்ல முடியாத பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

முதல் லீவில் வந்தபோது மகன் ஒரு டேப் ரிக்கார்டரும் ஓர் இங்கிலீஷ் கேசட்டும் கொண்டுவந்தான். அட்டையில் ஒரு சூரியகாந்திப் பூ. அதன் நடுவில் மனிதக் கண். கண்ணிலிருந்து ஏழெட்டு நிறங்கள் உருகி வழியும். பாட்டு என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் சொட்டும். கிடார் ஊளையிடும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் குரல் எழும். என்னடா கண்றாவி இது என்று கேட்டேன்.

"பழசுதாம்ப்பா. வந்து பன்னெண்டு பதிமூணு வருஷமாச்சு. எங்க ரூமுல நாலு நாட்டுக்காரன் இருக்கோம், ஒருத்தனுக்கும் இன்னும் அலுக்கல" என்றான்.

அவன் திரும்பிப் போன பிறகு கமலவேணி சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு, அறைக்கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அதைக் கேட்பாள். நான் பொறுத்துக்கொண்டேன். பக்கத்துக் காட்டுக் கொளஞ்சிதான் ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தான்.

"என்ன பெரியப்பா, தம்பி லீவுல வந்துருக்கா? மத்தியானம் ஒங்க வூட்டுல ஆம்பள சிரிக்கிற சத்தம் கேட்டுச்சே."

நான் டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்தால் அவன் சொன்னது உண்மை என்றாகிவிடும்.

மறுநாள் கதவோரம் நின்றேன். பாட்டு தேய்ந்து நின்றது. ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். தாழ்ந்த குரலில் என்னவோ முணுமுணுத்தான். பிறகு சிரித்தான். அவசரமில்லாத சிரிப்பு, அந்த அறையில் நெடுநாள் பழகியவன் சிரிப்பு. அவன் சிரிப்பைத் தொட்டுக்கொண்டு கமலவேணியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

கதவைத் தள்ளினேன். அவள் பதறி எழுந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே சோளம் ஆளுயரம் நின்றது. பெட்டியில் மறுபடியும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று இப்போது நீங்கள் நினைப்பீர்கள். மருமகளை நிறுத்திவைத்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கேட்ட வாய்க்கும் கேவலம், கேட்கப்பட்ட பெண்ணுக்கும் கேவலம். அவளுடைய மரியாதையை நான் காப்பாற்றினேன்.

அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. நானே அடுப்பை மூட்டி, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தேன். பருத்திக்கு அடிக்கும் மருந்து பரணில் இருந்தது. மாமனார் கையால் கஷாயமா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க போயி அடுப்பாண்ட நிக்கலாமாங்க மாமா? என்னைய ஒரு கொரல் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். முகம் சுளித்தால் நான் வருத்தப்படுவேன் என்று, ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அறைக்குப் போய்ப் பெட்டியின் பொத்தானைத் தட்டிவிட்டாள்.

பாட்டு பாதி போவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் வந்து சாய்ந்தாள். அப்போது அவளுக்குப் பின்னால், அறைக்குள் அவன் செருமினான். நான் அவளைத் தாண்டி உள்ளே ஓடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கொல்லைக் கதவில் தாழ் போட்டிருந்தது. பெட்டியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிரிப்பு அதிலிருந்துதான் வந்தது.

"மாமா, வயிறெல்லாம் எரியுதுங்க. பெரம்பலூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள்.

எதிர்ச்சாரியில் அங்கமுத்துவின் வாடகைக் கார் நின்றது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். அவள் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் பிழைத்தவள் பேசுவாள். குற்றமில்லாத மருமகளுக்கு மாமனார் விஷம் வைத்தான் என்று ஒரு பேச்சு எழுந்தால், எங்கள் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் சந்தியில் கிடக்கும். நான் தெருக்கதவைச் சாத்தினேன். அவள் தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். கேசட்டின் அந்தப் பக்கம் ஓடி முடிந்து பெட்டியின் பொத்தான் தானே எழும்பும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியாக விடவில்லை.

தீராத வயிற்றுவலி என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெண்ணொருத்தி செத்து, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பத்திரிகைக்காரர்களும் அதையேதான் எழுதுவார்கள். கொளஞ்சியே பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தான். துபாயிலிருந்து மகன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியத்துக்கு இருந்துவிட்டு அவன் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு நான் தினமும் கேட்டேன். அதே சிரிப்புதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் முதலில் போட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் எந்த இடத்தில் தண்ணீர் சொட்டும், எந்த இடத்தில் கிடார் விம்மும் என்று எல்லாம் மனப்பாடம். அலுப்பு தட்டவேயில்லை. பெட்டிக்குள் அவன் சிரித்து முடித்ததும் அடுத்த பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கென்று விட்ட இடம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இத்தனை வருஷமாக இத்தனை நாட்டுக்காரர்கள் அதை விடாமல் கேட்கிறார்கள் போலிருக்கிறது. என் வீட்டில் அந்த இடம் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. தினமும் கமலவேணி சிரிக்கிறாள்.

போன வாரம் மகன் மறுபடியும் லீவில் வந்தான். நான் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்கு ஆச்சரியம். "ஒங்களுக்கும் புடிச்சிருச்சாப்பா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் அங்கே போடுவானாம், அதே நேரம் கமலவேணி இங்கே போட வேண்டுமாம், இருவருக்கும் அப்படி ஒரு பேச்சாம். பெட்டிக்குள் அந்த ஆள் செருமியதும் மகன் கையை உயர்த்தினான்.

"இந்த எடத்துல அவளும் கூடவே சிரிப்பாப்பா."

"தெரியும்" என்றேன்.

அவன் பெட்டியை நிறுத்தினான். ஆம்பளைச் சிரிப்பு என்று ஊரில் பேசியது அவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான்.

எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. தெருக்கதவைச் சாத்தியதை மட்டும் எடுத்துவிடுங்கள். மருமகள் நடத்தையில் சந்தேகம், அதனால் மருந்து கொடுத்தான் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு ஊரில் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். கமலவேணி உயிரோடு இருந்தால் அவளும் வேண்டாமென்று சொல்லமாட்டாள். அவள் எங்கள் வீட்டுப் பெண்.