இத்தாலிக்காரனுக்கு வீடில்லை

கல்முனையிலிருந்து சம்மாந்துறை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் இத்தாலியில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பராமரித்துவிட்டுத் திரும்பியவர்.

“இத்தாலிக்காரனுக்கும் ஒரு காலம் ஆரும் வீடு குடுக்கல்ல மச்சான்” என்றார் அவர்.

“எங்க?”

“பெல்ஜியத்துல. கிழவன் வாலிபத்துல அங்க நிலக்கரி வெட்டப் போனவர். நாயும் இத்தாலிக்காரனும் வரப்படாண்டு கதவுல எழுதியிருந்தாங்களாம். சொல்லிச் சொல்லி அழுவார்.”

“அப்ப உன்ட கஷ்டம் அந்த வீட்டுக்கு விளங்கியிருக்கும்.”

“கிழவனுக்கு விளங்கின. மகன், வெளிநாட்டான் கூடிப்போச்சு, வாப்பாவ முதியோர் இல்லத்துல விடப்போறன், நீ வெளிக்கிடுண்டான். உங்கட வாப்பாவும் பொழைக்கப் போனவர்தானேண்டு கேட்டன்.”

“என்ன சொன்னான்?”

“எங்கட ஆக்கள் வேலை செய்யப் போனவங்கண்டான்.”

“அப்ப நீ?”

“நான் அந்நேரம் அவன்ட வாப்பாவுக்குப் பீ கழுவிக்கிட்டிருந்தன்.”