கூட்டினால் எட்டு வரும் கார்

காருக்குள் வாசனைக்குப் பாண்டான் இலை போட்டு வைப்பது நல்ல பழக்கம், மேடம். கரப்பான் பூச்சி அண்டாது. சேற்று வாசனையும் அமுங்கிவிடும். கிள்ளானில் நான் பழைய கார் விற்கும் யார்டில் எல்லாக் கார்களிலும் போட்டு வைப்பேன். ஒன்றில் மட்டும் போட்டால் வாங்க வருகிறவர்களுக்குச் சந்தேகம் வருமில்லையா.

நீங்கள் கேட்பது கிஷன் எடுத்த வெள்ளைக் காரைப் பற்றி. சொல்கிறேன். மறைக்க இனி ஒன்றுமில்லை.

என் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருந்தார். அவர் விலையைப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. காரணத்தைத்தான் பேரம் பேசுவார். ‘பார்டர் பெருசா இருக்கு’ என்று ஒரு அம்மா எழுந்தால், சின்ன பார்டரை விரிப்பார். ‘கலர் கண்ணைப் பறிக்குது’ என்றால் மங்கலான கலர் வரும். வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும். அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு தீர்த்துவைத்தால், சொன்னவர் வெட்கப்பட்டே வாங்கிவிடுவார். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவன் நான்.

அப்பாவுக்குப் புடவை, எனக்குக் கார். இப்போதெல்லாம் ஆன்லைனில்தான் ஏலம் விடுகிறேன். படத்தில் வாசனை தெரியாது.

கிஷன் பூச்சோங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அம்மா தனலெட்சுமிக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸுக்கு வாடகைக் காரில் ஏறி இறங்கிக் களைத்துப்போயிருந்தார். அவருக்காகத்தான் கார் தேடினான். ஏலத்தில் அவன் கேட்டதுதான் உச்ச விலை. டெபாசிட்டும் கட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு காரைப் பார்க்க வந்தான்.

தனலெட்சுமி அக்கா முன் சீட்டில் ஏறி, இளவரசி மாதிரி உட்கார்ந்துகொண்டார். கிஷன் ஓட்டுநர் சீட்டின் பெல்ட்டை இழுத்தான். எல்லோரும் ஒரு முழம் இழுத்துப் பார்ப்பார்கள். இவன் அது முடிகிற இடம் வரை இழுத்தான். அடி நுனியில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய காரில் எதை வேண்டுமானாலும் கழுவலாம், அந்த நுனியை மட்டும் மறந்துவிடுவோம். அவன் கோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டான்.

“அண்ணே, இந்த நம்பரைக் கூட்டினா எட்டு வருது. அம்மாவுக்கு ஆகாதுண்ணே.”

“எனக்கு என்னடா ஆகாது? நான் பொறந்ததே எட்டாம் தேதி. உங்கப்பாவக் கட்டிக்கிட்டதும் எட்டாம் தேதி.”

“அதத்தாம்மா சொல்றேன்.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அன்று மாலை அவன் வாட்ஸ்அப்பில் எழுதினான்: ‘அண்ணே, நம்பர் ராசி இல்ல. கார் வேணாம். டெபாசிட்ட நீங்களே வெச்சுக்குங்க. மன்னிச்சிடுங்க.’

என்னைத் திருடன் என்று எழுதியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். பலர் சொல்லியிருக்கிறார்கள், பழகிவிட்டது. இவனோ தாயின் முன்னால் என் மானத்தை மூடிக் காப்பாற்றிவிட்டு, அதற்கு டெபாசிட்டையும் காணிக்கையாக வைத்துவிட்டுப் போகிறான். என் வயதில் பாதிகூட இல்லாதவன். வாங்க வந்தவன் கடைக்காரனுக்குத் தள்ளுபடி கொடுக்கலாமா, மேடம்?

மறுநாள் என் பள்ளித் தோழன் இர்ஃபானைப் பார்க்கப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வக்கீல். வாங்கிய தே தாரிக் டீ ஆறுவதற்குள் எல்லா வழியையும் சொல்லிவிட்டான்.

“டேய் தம்பு, டெபாசிட் உன்கிட்ட இருக்கு. பேசாம ரெண்டாவதா கேட்டவனுக்குக் கார வித்துடு. விலை கொறஞ்சா, அந்த வித்தியாசத்த இவன்கிட்ட கேட்டு வழக்கு போடலாம். ஆனா காரை எடுத்துத்தான் ஆகணும்னு எந்த ஜட்ஜும் சொல்ல மாட்டாரு. ஊர்ல வேற காரே இல்லையா?”

“எடுத்துத்தான் ஆகணும்னு நோட்டீஸ் விடலாமா?”

“விடலாம்லா. பயப்படறவன் பயப்படுவான். ஏன் வேணாம்னானாம்?”

கைப்பேசியைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான்.

“நம்பரா? தானே போய் மாட்டிக்கிட்டான். வெள்ளத்துல நின்ன கார்னு ஒரு வரி எழுதியிருந்தா நீதான் ஓடணும். ராசிக்கெல்லாம் சட்டத்துல எடமில்ல. ஒப்பந்தத்த உடைச்சவன் இப்ப அவன்தான்.” சிரிப்பை நிறுத்தினான். “ஆமா, வெள்ளத்துல நின்னதா?”

“சேச்சே” என்றேன்.

இரண்டாவதாகக் கேட்டவர் சாலாக் செலாத்தான் பக்கம் கடை வைத்திருக்கும் சீனர். பழைய கார்களைப் பிரித்து உதிரிப் பாகங்களாக விற்கிறவர். அவரிடம் போயிருந்தால் அந்தக் கார் ரோட்டுக்கே வந்திருக்காது. விலையில் வித்தியாசமும் பெரிதில்லை, டெபாசிட்டே ஈடுகட்டியிருக்கும். கணக்குத் தெரியாமல் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நோட்டீஸை அவன் வீட்டுக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். தலைமையாசிரியர் மேசை வழியாகப் போனால் ஆசிரியர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

பிறகு என் கையிலிருந்த வேறொரு நம்பரை என் செலவிலேயே அந்தக் காருக்கு மாற்றினேன். கூட்டினால் ஒன்பது. பள்ளி நேரமாகப் பார்த்து காரைப் பூச்சோங்குக்கு ஓட்டிப்போய் அக்காவின் வாசலில் நிறுத்தினேன்.

“ஒரு நம்பருக்காக இவ்வளவு தூரமா தம்பி? இந்தக் காலத்துல யாரு செய்வா?” என்று உள்ளே ஓடினார் அக்கா. எலுமிச்சம்பழத்தோடு வந்து நாலு டயருக்கும் அடியில் வைத்தார். நானே காரை நகர்த்தி நசுக்கிக் கொடுத்தேன்.

கிஷன் பள்ளி விட்டு வந்தபோது காருக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் ஆகியிருந்தது. என்னைக் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போனான்.

“அண்ணே, நம்பர் இல்ல காரணம்னு உங்களுக்கே தெரியும்.”

“எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நீ எழுதினதுதான் எனக்குத் தெரியும்.”

உள்ளே அக்கா பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காரைக் காட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் இனி உண்மையைச் சொன்னால் நான் திருடன், அவன் பொய்யன். அந்த எலுமிச்சம்பழங்களையும் அவர் திரும்பப் பொறுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட இடத்திலிருந்து யாரும் தப்பித்ததில்லை.

“சரிண்ணே. பெல்ட்ட மட்டும் மாத்திக் குடுங்க. சீட் துணி, கார்ப்பெட்டெல்லாம் நான் பாத்துக்கறேன். வேற ஒண்ணும் இல்லையே?”

சாவியைத் திருகிக் காட்டினேன். ஏர்பேக் விளக்கு எரிந்தது. எஞ்சினைக் கிளப்பினேன். விளக்கு அணைந்தது.

“பாத்துக்கோ தம்பி. கோளாறு இருந்தா அணையாது.”

நான் சொன்னது சரிதான். எல்லாக் கார்களிலும் அப்படித்தான். இந்தக் காரில் ஏர்பேக்கை இயக்கும் பெட்டி வெள்ளத்தில் செத்துப்போயிருந்தது. புதிதாகப் போட்டால் எனக்கு லாபம் நிற்காது. அதனால் அந்த விளக்கின் ஒயரை, பக்கத்திலுள்ள எஞ்சின் ஆயில் எச்சரிக்கை விளக்கின் ஒயரோடு சேர்த்துக் கட்டினேன். எஞ்சின் கிளம்பி ஆயில் விளக்கு அணையும்போது இதுவும் அணையும். என் கையால்தான் கட்டினேன், வேலைக்காரனை நம்பவில்லை. உங்கள் ஆள்கள் கண்டுபிடித்தது அந்த முடிச்சைத்தான். பெல்ட்டைச் சொன்னபடி மாற்றிக் கொடுத்தேன். புதுசு.

விபத்து நடந்தது, அக்காவை டயாலிசிஸில் இறக்கிவிட்டு அவன் பள்ளிக்குப் போகிற வழியில். மழை. முன்னால் போன லோரி நின்றது. கிஷனும் பிரேக் பிடித்தான், ஈர ரோட்டில் கார் வழுக்கிப் போய் மோதிவிட்டது. பிரேக் நல்ல பிரேக், அதில் நான் கை வைத்ததில்லை. வேகம் பெரிதில்லை, ஏர்பேக் திறந்திருந்தால் காயத்தோடு போயிருக்கும் என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. படித்தேன். தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் செத்தது என்னால்தான். கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ராசியே பாக்காத பையன் தம்பி. அன்னிக்கு எட்டு ஆகாதுன்னானே, அவனுக்கு ஏதோ தோணியிருக்கு. நீங்க மாத்திக் குடுத்தும் பாருங்க, விடல” என்றார். ஆமாம் அக்கா என்றேன். வேறென்ன சொல்வது?

அதற்குப் பிறகு அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவன் நான்தான். என் சொந்தக் காரில். முன் சீட்டில் உட்கார்ந்து மகனைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார். இறங்கும்போது, கிஷன் போனாலும் கடவுள் என்னைக் கொடுத்தார் என்பார்.

ஆகையால் ஒரே ஒரு உதவி, மேடம். நீங்கள் என் மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அந்த ஒயர் விஷயம் மட்டும் அக்கா காதுக்குப் போக வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. என்னையும் விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?