ரிசீவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

ஏப்ரல் மாதம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஏரியில் பனி கரைந்துவிடும். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாளும் வந்துவிடும். போன ஆண்டு தோற்றவனுக்கு முதல் முறை, ஜெயித்தவனுக்குக் கடைசி முறை. நான் பயிற்சி கொடுக்கும் அணி பெரும்பாலும் முன்வரிசையில்தான் இருக்கும்.

நீங்கள் அரசு வழக்கறிஞர், அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பதில்லை என்றீர்கள். பரவாயில்லை. ரிசீவர் என்பவன் ஓரமாக ஓடிப்போய், தூரத்திலிருந்து வரும் பந்தை அண்ணாந்து பார்த்துக் கையால் பிடிக்கிறவன். பிடிக்கிற நொடியில் எதிரணிக்காரன் தலைக்கவசத்தோடு வந்து மோதுவான். இந்த வேலைக்கு ஆள் எடுப்பதில்தான் எல்லா அணிகளும் கோட்டை விடுகின்றன. ஓட்டத்தை அளப்பார்கள், உள்ளங்கையை அளப்பார்கள், எவ்வளவு உயரம் எகிறுகிறான் என்று பார்ப்பார்கள். கோடிகளைக் கொட்டி எடுத்தவன் இரண்டாம் வருடமே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் எடுத்தவர்கள் உட்கார்ந்ததில்லை. இந்த நாட்டில் என்னைப்போல் ரிசீவர்களைத் தேர்ந்தெடுத்தவன் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. ஓடத் தெரிந்தவர்கள் மலிந்து கிடக்கிறார்கள். மோதல் வாங்கிய பிறகு மறுவாரமும் வந்து நிற்கிறவன் யார் என்பதுதான் விஷயம். அதனால் இண்டியானாபோலிஸில் நேர்காணல் நடக்கும் ஓட்டல் அறையில், கூட இருப்பவர்களைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். லமாண்ட் மாபினிடமும் கேட்டேன்.

“தலையில அடி வாங்கி, கண்ணு மங்கிப்போய் ஆடியிருக்கியா?”

“நான் ஜார்ஜியாக்காரன் கோச், எங்க ஊர்ல பொடிசுங்களே மோதித்தான் ஆடும். அதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே பாத்தாச்சு.”

“யாருகிட்ட சொன்ன?”

“எதுக்குச் சொல்லணும்? சொன்னா என் இடத்துல வேற ஒருத்தன் வந்து நிப்பான்.”

அந்த இடத்திலேயே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

ஏப்ரலில் ஆள் எடுக்கும் நாளில், முதல் சுற்றிலேயே அவன் பெயரைச் சொன்னேன். ஓட்டத்தில் அவன் மந்தம் என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அணியின் முதலாளி ஹால்ஸ்டெட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஹார்லன், ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்குது. இவன் சொதப்புனான்னா நீ மூட்டையக் கட்டிக்கோ.”

அறுபது வயதுக்கு மேல் மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போவது? இந்த வேலையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. லமாண்ட் ஆடியே தீர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூலையில் பயிற்சி தொடங்கும்போது எல்லோருக்கும் கணினியில் ஒரு ஞாபகத் தேர்வு வைப்பார்கள். வார்த்தைகளைக் காட்டி மறைத்துவிட்டுக் கேட்பார்கள். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே தேர்வு. மதிப்பெண் இறங்கியிருந்தால் மருத்துவர் ஆட விடமாட்டார். நான் செய்தது இவ்வளவுதான்: ஜூலைத் தேர்வையே மோசமாக எழுதச் சொன்னேன். முதலிலேயே அடிமட்டத்தில் இருந்துவிட்டால், அதற்கப்புறம் இறங்க இடமேது? நான் எடுத்த ஒவ்வொரு ரிசீவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் ஆட்கள் ஏன் பெஞ்சில் உட்காரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

“ரொம்பத் தப்பாப் போடாத, கண்டுபிடிச்சிருவாங்க. சும்மா மக்குப் பையன் மாதிரி இரு,” என்றேன்.

“அதுக்கு நடிக்கவே வேணாம் கோச்,” என்று சிரித்தான். கல்லூரியில் கணிதத்தில் பட்டம் வாங்கியவன் அவன்.

நவம்பரில் ஒரு மோதல். பந்தை விடவில்லை. ஆனால் எழுந்தவன் நேராக எதிரணிப் பக்கம் போய் நின்றான். எங்கள் ஆட்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மறுநாள் தேர்வு வைத்தார்கள். ஜூலையில் எடுத்த அளவே எடுத்தான், ஆடலாம் என்றுவிட்டார்கள். இந்தமுறை அவன் நடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அடுத்த ஞாயிறு மறுபடி ஒரு மோதல். பெரிய மோதல்கூட இல்லை. விழுந்தவன் எழவில்லை. இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து செத்துப்போனான்.

அவன் அம்மா எர்லீன் பேருந்தில் வந்து சேர்ந்தார். என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழம காலையில போன் பண்ணுனான் சார். என்னைய ரீட்டான்னு கூப்பிட்டான். ரீட்டா என் தங்கச்சி, செத்து நாலு வருசமாச்சு. இங்க உங்க யாருக்குமே ஒண்ணும் தெரியலையா?”

“ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாப் பயலுக்கும் ஒரு படபடப்பு இருக்கும்மா,” என்றேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே சிரித்தபோதும் தன் மகனை நம்பி எடுத்ததற்கு நன்றி சொன்னார். நன்றியை ஏன் மறுக்க வேண்டும்? நான் நம்பித்தான் எடுத்தேன்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். வருத்தம்தான். அவனைப்போல் இன்னொருவன் எனக்குக் கிடைக்கமாட்டான். அதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நவம்பரில் அவன் தள்ளாடி எழுந்து நின்றபோது மைதானமே எழுந்து கைதட்டியது. அத்தனை பேரையும் இந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பீர்களா? மற்ற அணிகள் பையன்களின் கால்களை அளந்தன. நான் நெஞ்சழுத்தத்தை அளந்தேன். யார் கணிப்பு சரியென்று ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவன் விழுந்த அந்த ஞாயிறு, மைதானத்துக்குள் போகும் வழியில் நானும் லமாண்டும் நின்று பேசியது கேமராவில் பதிந்திருப்பதாகவும், பேச்சு கேட்கவில்லை என்றும் சொன்னீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

“கோச், பந்து ரெண்டாத் தெரியுது. தலை வெடிக்குது. இன்னைக்கி ஒரு நாள் மட்டும் நான் உக்காந்துக்கிறேனே.”

“ரெண்டுல எது கைக்கு வருதோ அதப் புடி. போடா.”

போனான்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் தேர்வு தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். வலியை வாய்விட்டுச் சொல்லாத ஒருவனைத்தான் நான் தேடினேன். லமாண்ட் கடைசிவரை அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர.